சாலிட் என்று எழுதச் சொன்ன படகு

ஃபைபர் கம்பெனியில் தரம் பார்க்கிறவளுக்குக் காது நன்றாக வேலை செய்ய வேண்டும், வாய் வேலை செய்யக் கூடாது. கண்ணாடி இழைத் தூசியில் கை அரிக்க அரிக்க மதியச் சோறு தின்னும் என் போன்ற தொழிலாளிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓசூரில் எங்கள் கம்பெனி தண்ணீர்த் தொட்டி செய்கிறது. கடல் இல்லாத ஊர்தான், ஆனாலும் பெங்களூர்ப் பக்கத்து ஏரிகளில் ஓடிய பழைய பாய்மரப் படகுகள் டிரெய்லரில் ரிப்பேருக்கு வரும். அந்தப் படகுப் பிரிவில்தான் அப்போது நான் இருந்தேன். போன வருடம் வந்த ஒரு வெள்ளைப் படகை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தட்டிப் பார்த்த நாள்

பழைய ஃபைபர் படகின் உடம்பு இரண்டு வகை. சாலிட் என்றால் கண்ணாடி இழையும் அதை இறுக்கும் ரெசின் பசையும் மட்டும், அடுக்கடுக்காக. கோர் வைத்தது என்றால் வெளியே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் லேசான பால்சா மரம். க்ரீம் பிஸ்கட் மாதிரி. கோர் ஒன்றும் மட்டமில்லை. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் தண்ணீர் புகுந்துவிட்டால் மரம் உள்ளுக்குள்ளேயே ஊறி அழுகும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அதனால் சின்னச் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக் கேட்பேன். நல்ல இடம் டக்கென்று கேட்கும். ஊறிய இடம் டொப்பென்று அடங்கிவிடும்.

அந்தப் படகு கோர் வைத்தது, பெரும்பாலும் காய்ந்துதான் இருந்தது. படகின் சொந்தக்காரர் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் தலைக்கு மேலாக எங்கள் சூப்பர்வைசர் சம்பத்திடம் சொன்னார்: "தேங்கா வாங்கற மாதிரி தட்டிட்டிருக்குது இந்தப் பொண்ணு. விஷயம் தெரிஞ்ச ஆம்பளை யாரும் இல்லையா சார் உங்ககிட்ட?"

எட்டு ஓட்டை

படகின் பின்பக்கம் ஏணி வைக்க எட்டு போல்ட் வேண்டும். கோர் படகில் ஓட்டை போட்டால் சுற்றிலும் மரத்தைச் சுரண்டி எடுத்து, ரெசின் ஊற்றி இறுகவிட்டு, அதன் பிறகுதான் போல்ட். இதை ஜாப் கார்டில் சிவப்பு மையில் எழுதினேன். சம்பத் சார் அதைப் படிக்காமலேயே முனிராஜண்ணாவிடம் டிரில்லைக் கொடுத்துவிட்டார். அவர் பன்னிரண்டு வருடமாகத் தொட்டியில் ஓட்டை போடுகிறவர். தொட்டி சாலிட். போட்டார், கொஞ்சம் சிலிக்கான் பசை தடவினார், முடுக்கினார். படகு ஒன்றரை மாதம் திறந்த வெளியில் மழையில் நின்றது.

மறுபடி தட்டினேன். ஏணியைச் சுற்றி முழம் அகலத்துக்கு டொப், டொப். ஒரு போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். டீ நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. முனிராஜண்ணா முகம் செத்துப்போயிற்று. "ஃபைபருக்குள்ள மரத்த வெப்பாங்கன்னு எனக்கு யாரு மேடம் சொன்னா? சொல்ல வேண்டியவரு வண்டிய எடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டாரு."

ஒரே ஒரு வார்த்தை

அதற்குள் சொந்தக்காரர் படகை விற்க ஏற்பாடு செய்துவிட்டார். வாங்குவது, பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சி மையம். மறுநாள் எடுத்துப் போக வருகிறார்கள். சம்பத் சார் புது ரிப்போர்ட் ஒன்றை நீட்டினார். கோர் என்ற இடத்தில் சாலிட் என்று இருந்தது. சாலிட் என்றால் எட்டு ஓட்டை ஒரு விஷயமே இல்லை, எங்கள் தப்பும் இல்லை. கையெழுத்து மட்டும் என்னுடையது வேண்டுமாம்.

நான் பேனாவை எடுக்கவில்லை. அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அந்தப் படகுல நீயா போகப் போற?"

கையெழுத்துக்குப் பதில்

கம்பெனி பஸ்ஸில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தவள் நான். மறுநாள் வாங்க வந்த பயிற்சியாளர் அம்மாவின் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. சொந்தக்காரரும் சம்பத் சாரும் படகின் பெருமையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் முனிராஜண்ணாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் படகுக்குள் இறங்கி, ஏணிக்கு நேர் உட்புறத்தில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடுத்துக் கொடுத்தார். அதை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அழுத்தினார். கறுத்த தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது.

அவர் கையைத் துடைக்கவில்லை. அப்படியே சம்பத் சார் முகத்துக்கு நேராக நீட்டினார். கன்னடம் கலந்த தமிழில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பத்து வயசு மக்கள் ஏறுற படகு சார் இது. நீங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினீங்க, இதை மட்டும் சொல்லலை."

படகு போகவில்லை. அழுகிய மரத்தை எடுத்துச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும் என்று எழுதிக் கொடுத்த கம்பெனி, என்னைத் தொட்டிப் பிரிவுக்கு மாற்ற மட்டும் மதியச் சாப்பாடு வரைகூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.