உயரமான டின்னில் வைத்த பருப்பு

மஸ்கெலியாக் குளிரில் எதுவும் கெடாது என்று நம்பியவள் நான். ஒருநாள் மாலை மிஞ்சிய பருப்புக் கறியைச் சூடாகவே உயரமான பால்மா டின்னில் ஊற்றி, இறுக்கி மூடி, அடுப்போரம் வைத்தேன். காலையில் மேலே ஜில்லென்றும் நடுவில் வெதுவெதுப்பாகவும் இருந்தது. சூடாக்கும் வேலை மிச்சம் என்று மகள் சுமதிக்கும் எனக்கும் ரொட்டியோடு கட்டிவிட்டு, தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடினேன்.

பத்து மணிக்குத் தேயிலை மலையில் என் பொதியைப் பிரித்தேன். புளித்த வாடை! பாடசாலையில் இடைவேளை மணி அடிக்கும் நேரம்.

“கூடையப் போட்டுட்டு எங்க ஓடுறீங்க?” என்று கங்காணி கத்தினார்.

“கெட்டுப்போனதப் புள்ள தின்னுருமுங்க!”

வழுக்கி விழுந்து, முழங்கால் சிராய்த்து, வகுப்பு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். சுமதி ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிக்கொண்டேன்.

“பசிக்குதும்மா!” என்று எல்லோர் முன்னாலும் அழுதாள்.

இப்போதெல்லாம் மிஞ்சிய கறியை அகலமான, தட்டையான பாத்திரத்தில் மெல்லிசாகப் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டு மூடுகிறேன். காலையில் கொதிக்கவைக்காமல் கட்டுவதில்லை. ஆனாலும் சுமதி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்குமுன் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொள்கிறாளாம்.