ஜொவிட்டா டீச்சர் பூட்டிய லாரி

சாந்தோமில் ஜொவிட்டா டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்தாறு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். கணவர் ஃபிரெட்ரிக் ராயப்பேட்டையில் ஷெட் வைத்திருந்த லாரி மெக்கானிக். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த ஷெட்டுக்குள் அவள் நாலைந்து தடவைக்கு மேல் போனதில்லை. போக வேண்டிய தேவையே வரவில்லை, போன வருஷத்துத் தவக்காலம் வரைக்கும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்து போனைப் பார்த்தால் பதினோரு மிஸ்டு கால். எல்லாம் ராஜரத்தினம். ஃபிரெட்ரிக்கிடம் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிறகு சைதாப்பேட்டையில் தனியாகக் கடை போட்டவன். ஏதோ பேச ஷெட்டுக்கு வந்த இடத்தில், வேலை செய்துகொண்டிருந்த ஃபிரெட்ரிக் அப்படியே சரிந்து விழுந்ததைப் பார்த்தவன் அவன்தான்.

பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தியில் ஒரு குறையும் இல்லை, அவர் சொல்ல நினைப்பது வாய்க்கு வராது, அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். அந்த 'அவ்வளவுதான்' ஜொவிட்டாவுக்கு வெகுநாள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஷெட்டில் அப்போது ஒரே ஒரு வண்டிதான் நின்றது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகவேல் அண்ணாச்சியின் அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய லாரி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் அவர்களுக்கு இருக்கும் தோட்டத்துக்கு, மழை பிடித்துவிட்டால் வேறு எதுவும் ஏறாது. அதை ஃபிரெட்ரிக் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டிருந்தார். இன்ஜின், கியர் பாக்ஸ், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, இரண்டு ஆக்ஸில் எல்லாம் தரையில் கிடந்தன. எதையும் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அண்ணாச்சி பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். சாமான்களை அப்படியே அள்ளி வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறேன், நீங்கள் உடம்பைப் பாருங்கள் என்று பதமாகத்தான் சொன்னார். கட்டிலில் கிடந்த ஃபிரெட்ரிக் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

"நான் பூட்டித் தர்றேன் அண்ணாச்சி," என்றாள் ஜொவிட்டா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அண்ணாச்சி அவளையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜூன் மாசம் வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லிப் போனார்.

பள்ளி விடுமுறை தொடங்கியது. சாயங்காலங்களில் வந்து கைகொடுக்க ராஜரத்தினம் ஒத்துக்கொண்டான். ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். கட்டில்மேல் பேப்பர் விரித்துப் பரப்புவாள். எது முன்னால், எது பின்னால், எது இனி உதவாது என்று ஃபிரெட்ரிக் இடது கையால் நகர்த்திக் காட்டுவார். தூக்க முடியாததைப் போனில் படம் பிடித்துக் காட்டினாள். தலையசைப்பு ஒன்றுதான் பதில். சில நாள் அவள் புரிந்துகொள்ளாமல் மறுபடி மறுபடி கேட்க, அவர் கோபத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். அவள் கட்டிலுக்கடியில் தவழ்ந்து பொறுக்குவாள். அப்போது அழுவதும் உண்டு. எழுந்திருக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

மே கடைசியில் இன்ஜின் கிளம்பியது. லாரியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, நாலு சக்கரத்தையும் அந்தரத்தில் சுற்றவிட்டார்கள். ஃபிரெட்ரிக்கை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்து சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் முன் ஆக்ஸிலின் பல்சக்கரக் கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.

"இன்னா அண்ணி, பழைய கியர் பல்லு. கொஞ்சம் ஊளைச் சத்தம் வுடத்தான் செய்யும்," என்றான் ராஜரத்தினம்.

ஃபிரெட்ரிக் கூட்டை அறைந்தார். பின் ஆக்ஸிலைக் காட்டினார். மறுபடி முன்னதைக் காட்டினார். விரல் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது.

விரல் எதைச் சொல்கிறது என்று ஜொவிட்டாவுக்குப் புரிந்தது. அவர் விழுந்த மறுநாள் ஷெட்டைப் பூட்ட வந்தவள், கால் தடுக்கி ஒரு தட்டைக் கவிழ்த்திருந்தாள். பல்சக்கரங்கள் எவ்வளவு நெருங்கிக் கடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மெல்லிய வளையங்கள், ஷிம் என்பார்கள், முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்குமாக இரண்டு பொட்டலமாக இருந்தவை கொட்டிக் கலந்துவிட்டன. இருந்த பதற்றத்தில் கைக்கு வந்தபடி இரண்டாகப் பிரித்துக் கட்டிவைத்தாள். அப்புறம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"தப்பு என்னுது தம்பி. ஷிம்மைக் கொட்டி மாத்திக் கட்டினது நான்தான்."

இரண்டு ஆக்ஸிலையும் மறுபடி கழற்ற வேண்டும். பத்து நாள் வேலை அது. ராஜரத்தினம் வாசல் வரை போனான். திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தான்.

பற்களில் பெயின்ட் தடவிச் சுற்றிப் பார்த்தபோது பெயின்ட் விளிம்பில் மட்டும் உரசியிருந்தது. பாரத்தோடு மலையேறினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கியிருக்காது. பிள்ளைகளுக்குக் கம்பியின் விட்டத்தை அளக்கச் சொல்லிக்கொடுக்கும் ஸ்க்ரூ கேஜால் ஒவ்வொரு வளையத்தையும் அளந்து ஜொவிட்டா வரிசைப்படுத்தினாள். மூன்று தடவை கழற்றிப் பூட்டினார்கள். மூன்றாவது தடவை தடம் பல்லின் நடுவில் விழுந்தது. ஃபிரெட்ரிக் மறுபடி கை வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை கையை எடுக்கவே இல்லை.

ஊருக்குக் கொண்டுபோகிற அன்று அண்ணாச்சி லாரியை சாந்தோமுக்கே ஓட்டிவந்தார். நாலு பேர் சேர்ந்து ஃபிரெட்ரிக்கைக் கேபினுக்குள் தூக்கி வைத்தார்கள். கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினார்கள். வழி முழுக்க அவர் இடது கையால் கேபின் தரையைத் தொட்டபடியே வந்தார். ஒரு தடவை தலையசைத்தார். வீட்டுக்கு வந்து படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தான் பூட்டாமலே அந்த வண்டி ஓடிப் போய்விட்டதே என்ற வலி அது என்று ஜொவிட்டாவுக்குத் தெரிந்தது. ஆறுதல் சொன்னால் இன்னும் வலிக்கும் என்றும் தெரிந்தது. பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஜூனில் பள்ளிக்குத் திரும்பினாள். ஷெட்டை ராஜரத்தினம் எடுத்து நடத்துகிறான். சனிக்கிழமைகளில் ஆட்டோ அனுப்பி ஃபிரெட்ரிக்கை அழைத்துக்கொள்வான். தனக்குச் சந்தேகம் வந்த வண்டியின்மேல் அவர் கையை எடுத்து வைப்பான். ஜொவிட்டா இடுக்கில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். பேச்சு இன்னும் வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.