குறிப்பேட்டில் எழுதிய பெயர்

எங்கள் பள்ளியில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேகம் வகுப்பறைக்குள் வந்துவிடும். கடைசி இரண்டு பெஞ்சுகள் மறைந்துபோகும். குரலை வைத்துத்தான் அங்கே யார் இருக்கிறார்கள் என்று அறிய வேண்டும். கோவில்பட்டி வெயிலில் வளர்ந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. மின்வாரியத்தில் வேலை செய்யும் கணவரோடு மலையாளப் பக்க மலையிலுள்ள சித்திரபுரம் குடியிருப்புக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், மாநில எல்லையில் இருக்கும் போடிமெட்டு சோதனைச் சாவடியைப் பேருந்து கடக்கும் நேரத்தை நாட்குறிப்பில் எழுதிவைப்பேன். மேலே மலையாளிகளுக்கு நான் பாண்டிக்காரி, கீழே ஊராருக்கு மலையாளத்து டீச்சர். கடிகாரம் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தைக் காட்டும்.

சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில், அகதிகள் பற்றிய பாடம் வந்தது. உயிருக்கு அஞ்சி எல்லை தாண்டி வந்து, பாதுகாப்புப் பெற்றவர் அகதி. அதைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். இப்படிக் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன்.

முன்வரிசை செல்வி எழுந்தாள். "எங்க அப்பா ரிட்டயர் ஆயிட்டா எஸ்டேட்டு லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க டீச்சர். அப்ப நாங்களும் அகதியா?"

"ஆமாடி, ஒங்களுக்கு ஐ.நா. சபையிலருந்து ரொட்டி வரும்" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. எல்லை தாண்டவில்லை என்பதால் அது வேறு என்று விளக்கினேன். கணவர் ஓய்வு பெற்றால் எங்கள் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அப்போது மேகத்துக்குள்ளிருந்து தர்ஷினியின் குரல் வந்தது. "எல்லை தாண்டி வந்துட்டு, யார்கிட்டயும் எதுவும் கேக்காமலே இருந்தா அவங்களுக்கு என்ன பேரு டீச்சர்?"

"கேட்காதவர்களுக்குச் சட்டத்தில் பெயர் இல்லை" என்றேன். சரியான பதில் சொன்ன நிறைவு எனக்கு. பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மணி அடித்த பிறகு அவள் மட்டும் நின்றாள். இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் அவள் பெற்றோர். அவள் பிறந்தது தமிழ்நாட்டு முகாமில். ஐந்து ஆண்டுகளுக்கு முன், அனுமதி வாங்காமல் முகாமைவிட்டு இங்கே கூலி வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. சிறுமியாக இருந்தபோது, எங்கள் ஊர்ப் பக்கத்து முகாமில் பெயர் கூப்பிட்டு ஆளைச் சரிபார்ப்பதைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நேரான வரிசை என்று வியந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும், வகுப்பில் நடந்ததைப் பாடக்குறிப்பேட்டில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கையெழுத்திடுவார். 'மாணவர்கள் ஆர்வமுடன் கற்றனர்' என்று ஒரே வரியை ஆண்டு முழுவதும் எழுதுபவர்கள் உண்டு. நான் நடந்ததை நடந்தபடி, பெயரோடு எழுதுபவள். தர்ஷினியின் கேள்வியையும் எழுதினேன். அதன் கீழே அவள் குடும்பம் எங்கிருந்து வந்தது, இப்போது எந்த லயத்தில் இருக்கிறது என்பதையும் எழுதினேன்.

தலைமையாசிரியர் மலையாளி, நல்ல மனிதர். படித்ததும் முகம் மலர்ந்தது. "டீச்சரே, நல்லா எழுதியிருக்கு. மேலே அறியிச்சா அந்தக் குட்டிக்கு எதாவது சகாயம் கிட்டும்." நானும் தலையாட்டினேன். அன்றே அவர் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து, தோட்ட அலுவலகத்துக்கு அதிகாரிகள் இருவர் வந்து, அந்த வீட்டில் எத்தனை பேர், எப்போதிலிருந்து என்று விசாரித்துப் போனார்கள். அன்று சாயங்காலம் தர்ஷினியின் அம்மா எங்கள் குடியிருப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எங்கட பேரை எழுதினீங்களோ டீச்சர்?"

"உதவி கிடைக்குமேன்னுதான் எழுதினேன்மா."

"நாங்க உதவி கேக்கேல்லையே." குரலில் கோபம் இல்லை. "பிள்ள உங்கள நம்பிச் சொன்னவ. பரீட்சை முடியுமட்டும் பொறுத்திருக்கலாம்."

மறுநாள் காலை அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு யாரும் வரவில்லை. அது இல்லாமல் வேறு பள்ளியில் சேர முடியாது. கேட்டு வந்தால் எங்கே போகிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் என்னிடம் இரண்டு முறை, "நம்மள் நல்லதுக்கல்லே செய்தது" என்றார்.

மாதிரித் தேர்வில் அகதிக்கும் புகலிடம் கோருபவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் சரியாகவே எழுதியிருந்தார்கள். கேட்காதவர்களுக்குச் சட்டத்தில் பெயர் இல்லை என்று நான் சொன்னதையும் சிலர் எழுத்துப் பிசகாமல் சேர்த்திருந்தார்கள். முழு மதிப்பெண் கொடுத்தேன். குறைக்க வழியில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டேன். போடிமெட்டில் பேருந்து நின்றபோது, எதிரே கீழிருந்து ஏலத்தோட்டக் கூலி வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் ஏறி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தலையில் துண்டு கட்டிய பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தர்ஷினி இருக்க வேண்டும் என்று பார்த்தேனா, இருக்கக் கூடாது என்று பார்த்தேனா, தெரியவில்லை. கடைசி ஜீப்பும் மேலே போனது. எங்கள் பேருந்து கீழே இறங்கத் தொடங்கியபோது மடியில் நாட்குறிப்பு திறந்திருந்தது. தேதி போட்டிருந்தேன். கடந்த நேரத்தை எழுதவில்லை.