அறுபத்து நான்காம் பக்கம்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் மெஷினுக்கும் பைண்டிங் மேசைக்கும் நடுவில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக ஆய்வேடு டைப் அடிப்பவரை எல்லோரும் டைப்பிங் அக்கா என்பார்கள். பட்டம் எதுவும் வாங்காதவர்; ஆனால் அடிக்குறிப்பில் காற்புள்ளி எங்கே, பதிப்பாண்டு எங்கே என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் ஒரு மாணவியின் ஆய்வேட்டில் பழைய நூல் ஒன்றின் 64ஆம் பக்கம் மேற்கோளாக வந்தது. அவர் ஏற்கெனவே அடித்தவற்றில் பதினெட்டு ஆய்வேடுகளில் அதே நூல், அதே பக்கம். அப்படி என்னதான் இருக்கிறது என்று நூலகத்துக்குப் போய் எடுத்துப் பார்த்தார். புத்தகமே ஐம்பத்தாறு பக்கம்தான். மேற்கோள் காட்டிய வரி 46ஆம் பக்கத்தில் இருந்தது. இன்றைய துறைத்தலைவரின் ஆய்வேட்டில் தாமே எண்ணை மாற்றி அடித்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதியவர்கள்.

நேரே தலைவரிடம் போனார்.

"சார், தப்பு என்னோடதுதான். ஆனா புத்தகத்த ஒருத்தர்கூடவா திறந்து பாக்கல?"

"பதினெட்டுப் பேரு டாக்டர் ஆயிட்டாங்கம்மா. இப்பப் போய் அதக் கிளறாதீங்க."

அக்கா கேட்கவில்லை. மாணவியிடம் விஷயத்தைச் சொல்லி, 46 என்று திருத்தியே அடித்துக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் தேர்வாளர் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "பக்க எண் தவறு. மூலநூலைப் பார்த்து 64 எனத் திருத்தவும்."

"மாத்திடுங்கக்கா, ப்ளீஸ்," என்று மாணவி கண்கலங்கி நின்றாள்.

அக்கா 64 என்று மாற்றி அடித்தார். பத்தொன்பதாவது டாக்டரும் தேறினார்.