சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

வீட்டுக்காரம்மா கேன் தண்ணீர் குடிக்கிறார் என்று தெரிந்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வல்லம் வடகால் கிராமத்தில் அவர் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீட்டில்தான் நானும் கணவரும் குடியிருந்தோம். எங்களுக்குக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர், அவருக்கு மட்டும் பின்வாசல் வழியாகக் கேன். கேட்டே விட்டேன்.

"அது எங்க வூட்டுக்காரருக்கு சளி புடிக்குதுன்னு வாங்குறது. கெணத்துத் தண்ணிக்கு இன்னா கொறச்சல்? இதைக் குடிச்சிக்கினுதான் மூணு புள்ள பெத்தேன்" என்றார்.

அவர் பெற்றபோது சுற்றிலும் நெல் வயல். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி.

எனக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. இது இரண்டாவது, ஐந்தாம் மாதம். கம்பெனிச் சுவரோரம் ஈரம் கண்டால் சந்தேகம், சாதம் லேசாக மஞ்சளித்தால் சந்தேகம். கேன் வாங்கலாம்தான், அதை எங்கே பிடிக்கிறானோ, யார் கண்டது? "ஒனக்கு இதே வேலையாப் பூட்ச்சு" என்று கணவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். கேன்டீனில் குடிக்கிற மனுஷன், அவருக்கென்ன!

அம்மா போனில் வழி சொன்னார். "புள்ளத்தாச்சி பச்சத் தண்ணி குடிக்காத. சீரகம் போட்டு, ரெண்டு பங்கு ஒரு பங்கா சுண்டக் காய்ச்சிக் குடி." எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். தினமும் குண்டானில் ஏற்றி, பாதியாகும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டேன். அடியில் வெள்ளையாகப் படியும். எவ்வளவு அழுக்கை எடுத்துவிட்டேன் என்று பெருமையாகத் தேய்ப்பேன்.

அப்படியும் மனசு ஆறாமல் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். வந்த தாளை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் காட்டினேன்.

"நைட்ரேட் ஜாஸ்தியா கீதும்மா. வயல்ல போட்ட உரமோ, செப்டிக் டேங்கோ, எதுவேணா இருக்கலாம்."

"மொத புள்ள இதாலதான் போச்சா?"

"அப்படி சொல்ல முடியாது. ஆனா வயித்துல புள்ளய வச்சிக்கினு இதக் குடிக்காத."

"நான் பாதியா சுண்டக் காய்ச்சித்தான் குடிக்கிறேன், சிஸ்டர்" என்றேன், ஜெயித்துவிட்டவள்போல.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "காய்ச்சினா கிருமிதாம்மா சாவும். இது போவாது. தண்ணி ஆவியாப் பூடும், இது அப்படியே நின்னுடும். பாதியா சுண்டினா ரெண்டு மடங்கா ஆவும்."

திரும்பி வந்தபோது வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்று, "இன்னா சொன்னாங்க?" என்றார். அவரிடம் சண்டை போடச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, தாளை மட்டும் அவர் கையில் கொடுத்தேன்.

உள்ளே, காலையில் காய்ச்சிய தண்ணீர் ஆறியிருந்தது. கொட்டினேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், பிள்ளைக்கு அந்த நைட்ரேட்டை இரண்டு மடங்காக்கி என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். வயிற்றில் கை வைத்து, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.