பதவிசான ஆடு

மீசைக்கு வைத்திருக்கும் சீப்பை எடுத்து, சவுத்ரி அல்லாதித்தா தம் ஆட்டுக்கு மயிர் வாரிக்கொண்டிருந்தார். கடுகெண்ணெய் தடவிய கறுப்பு உடம்பு வெயிலில் மினுங்கியது. சீப்பில் சிக்கிய உண்ணியைச் சுண்டிவிட்டு, வேலிக்கு அப்பால் நின்றவர்களைப் பார்த்தார்.

"அசையுதா பாருங்க! குடும்பம் அப்படி!"

அசையவில்லைதான். பெயரே ஷெஹ்ஸாதி, இளவரசி. பஞ்சாபில் சாஹிவால் பக்கம் கரும்பு விளையும் ஊர்களில் மற்றவர் ஆடுகள் கூரை ஏறும், கட்டில் கயிற்றைக் கடிக்கும், பெண் பார்க்க வந்தவரை முட்டும். சவுத்ரியின் ஆடுகள் மட்டும் நிறுத்திய இடத்தில் நிற்கும். பெற்ற மகன்களில் ஒருவனும் அவர் சொல்லைக் கேட்டதில்லை; அந்தக் குறை ஆட்டில் தீர்ந்தது. போன மாதம் ஒரு கிடா கத்தக்கூடச் செய்யாமல் செத்துப்போனது. "சாவுலயும் மரியாதை!" என்று அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டார், மகராசன்.

கால்நடை மருத்துவர் சுமைரா ஸ்கூட்டரை விட்டிறங்கி, ஷெஹ்ஸாதியின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சாச்சா, இது பதவிசு இல்ல, சோகை. உண்ணி கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறியிருக்கும். ஒரு சொட்டு எடுத்துப் பாத்துடறேன்."

"காய்ச்சலா அடிக்குது? நல்லாத்தானே திங்குது!"

"வெளிய தெரியாது சாச்சா, உள்ளுக்குள்ளயே அரிச்சிடும். இது சினை வேற."

"என் ஆட்டோட பரம்பரையவே சந்தேகப்படுறியா? போம்மா! ஊரெல்லாம் துள்ளிக்கிட்டுத் திரியுதே, அதுங்களுக்குப் பாரு வைத்தியம்!"

வேலியோரம் சிரித்தார்கள். தம்மோடு சேர்ந்து சிரிப்பதாகச் சவுத்ரி நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஷெஹ்ஸாதி குறைமாதத்தில் குட்டி போட்டது. குட்டிக்கு உயிரில்லை. தாய் தலையைத் தூக்கவில்லை; மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சவுத்ரி வெல்லத்தண்ணீர் புகட்டினார், ஓதி ஊதினார். "எந்திரிம்மா, ஒரே ஒரு தடவ என்னை முட்டும்மா" என்று கெஞ்சினார். பாவம், துடித்துத்தான் போனார்.

"ஒரு துள்ளு துள்ளலையேன்னு அன்னிக்கே கவலப்பட்டிருக்கணும்," என்றாள் மனைவி பஷீரான். "நீங்க ஊரக் கூட்டி மெச்சிக்கிட்டிருந்தீங்க!"

தெருமுனையில் சுமைராவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சவுத்ரி, யார்முன்னும் அவிழ்க்காத தலைப்பாகையை அவிழ்த்து நடுத்தெருவில் விரித்தார். ஷெஹ்ஸாதியை இரண்டு கையாலும் தூக்கிவந்து அதன்மேல் கிடத்தினார். பிறகு, கரும்புத் தோட்டத்தில் யாரையோ தேடுகிறவர்போல, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.