ஜன்னல் ஃபோனும் மஞ்சள் கோடும்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் எங்கள் லயம். அங்கே ஃபோனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். அது வரிசையில் கடைசியாக இருக்கும் என் காம்பரா வீட்டின் ஜன்னல். மகன் விட்டுப்போன பழைய ஃபோன் அந்த ஜன்னலிலேயே கிடக்கும். லயத்துக்கே அந்த நம்பர்தான்.

பதுளை ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதியத் தொடங்கியபோது ஃபோன் நம்பர் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் மிச்சமில்லாமல் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். யாருக்கு எந்த நாள் கிளினிக் என்று செய்தி வரும். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எனக்குத் தொண்டை பெரிது. வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் லயத்தின் மறு முனைவரை கேட்கும்.

"மூணாவது வீட்டுத் தம்பி, செவ்வாக்கிழமை சீனி வியாதி கிளினிக். வெறும் வயித்தோட போகணுமாம்."

யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. கொழுந்து பறித்து ஓய்ந்த பிறகும் லயத்துக்கு என்னால் ஒரு காரியம் ஆகிறது என்று எனக்குப் பெருமைதான். இப்போதும் அந்தப் பெருமை போகவில்லை.

பக்கத்து வீட்டு மருமகளுக்கு முன்பு ஒரு தடவை மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. தங்கியது தெரிந்த அன்றே லயமே வந்து சந்தோஷப்பட்டது. கலைந்த பிறகும் லயமே வந்து விசாரித்தது. ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லிச் சலித்து, அந்தப் பிள்ளை தண்ணீர் பிடிக்கப் பீலிக்குக்கூட வராமல் கிடந்தாள்.

ஒரு நாள் காலையில் ஃபோன் கிணுங்கியது. அவள் பெயர். கர்ப்பிணி கிளினிக், ஸ்கேன் என்று கூட்டி வாசித்தேன். எனக்கு வாயெல்லாம் பல். இஸ்தோப்பில் போய் நின்று மூச்சை இழுத்தேன். அவள் பீலியில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"அப்பாயி, கத்தாதீங்க."

"ஏன் புள்ள, நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான். அஞ்சாம் மாசம் பொறக்கட்டும். மாமிகிட்ட நானே சொல்றேன். போன தடவ மாதிரி வேணாம் அப்பாயி."

அவள் மாமியாருக்குக் காது கூர்மை. உள்ளேயிருந்தே கேட்டாள். "யாருக்குக்கா சேதி?"

"கம்பெனிக்காரன் தங்கச்சி. ஃபோனுக்குப் பாட்டு வேணுமான்னு கேக்குறான்."

"வேணாம்னு சொல்லுங்க. இருக்கிற சத்தம் போதும்."

ஸ்கேன் அன்று எனக்கும் பிரஷர் மாத்திரை எடுக்கிற நாள். துணைக்கு வேண்டும் என்று மாமியாரிடம் அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு நர்ஸ் பிள்ளை. தரையில் ஒரு மஞ்சள் கோடு. நானும் அவளோடு போய் நின்றேன்.

"அம்மா, நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

"நான் அந்நியம் இல்ல மகள். இந்தப் புள்ள கல்யாணமாகி வந்தப்ப ஆலாத்தி எடுத்தவ நான்."

"ஆலாத்தி எடுத்தாலும் கோடு கோடுதான் அம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. தள்ளிப்போய் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டேன். அவர்கள் என்னவோ பேசினார்கள். என் நம்பரை எடுத்துவிட்டு, கொழும்பில் கடையில் நிற்கிற அவள் புருஷனுடைய நம்பரைப் போட்டார்கள். ஆஸ்பத்திரி சேதி இனி அவனுக்குப் போகும்.

அடுத்தது என் முறை. அவள் கூடவே வரப் பார்த்தாள். நர்ஸ் பிள்ளை கையைக் காட்டினாள். "தங்கச்சி, இப்ப நீங்க அந்தப் பக்கம்."

பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டாள். தலை சுற்றுகிறதா, சிறுநீர் போக அடிக்கடி எழும்புகிறேனா என்று. இதையெல்லாம் இவ்வளவு நாளும் வரிசையில் நிற்பவர்கள் காதுபடக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். நானும் மெதுவாகப் பதில் சொன்னேன். எனக்கு இப்படியொரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என் விவரத்த யாராவது வந்து கேட்டா?"

"சொல்ல மாட்டோம்."

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"அதையும் சொல்ல மாட்டோம்."

எனக்கு ஒரே சந்தோஷம். என் வியாதிக்கும் ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு. ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. பஸ் நிலையத்தில் மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி வாங்கிக் கொடுத்தேன். ஒன்று போதாமல் இன்னொன்று கேட்டாள்.

"ஒதட்டத் தொடச்சிட்டு வா புள்ள. நான் சொல்லாட்டியும் அந்த மிளகாத்தூள் உன் மாமிகிட்ட சொல்லிரும்."

அதிலிருந்து நான் சேதியைக் கத்துவதில்லை. "உனக்கு ஒன்னு வந்திருக்கு, வந்து பாரு" என்று மட்டும் குரல் கொடுப்பேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் காதோடு வாசிப்பேன். மூன்றாவது வீட்டுத் தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. "என் சீனி ஊருக்கே தெரியும். நீங்க கத்தாட்டி நான் மறந்துருவேன்" என்றான். அவனுக்கு மட்டும் அவன் கேட்டபடி கத்துகிறேன். அந்தப் பிள்ளையின் புருஷன் ஃபோனில் கூப்பிட்டால், அவள் தனியாகப் பேசட்டும் என்று நான் எழுந்து கீரை பறிக்கப் போய்விடுவேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தினமும் கீரைதான்.

ஐந்தாம் மாதம் பிறந்த வெள்ளிக்கிழமை, குளித்துப் பூ வைத்துக்கொண்டு அவள் என் இஸ்தோப்பில் வந்து நின்றாள். நான் நிற்கிற அதே இடம்.

"மாமி, வெளிய வாங்க. எல்லாரும் வாங்க. எனக்கு அஞ்சு மாசம். புள்ள நல்லா இருக்கு."

என் தொண்டையே தோற்றுவிடும். மாமியார் மாவுக் கையோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப தெரிஞ்சிருக்கு."

"அதையும் சொல்ல மாட்டேன். ரொட்டி கருகுது தங்கச்சி, போய்ப் பாருங்க."